ஆக்டிவேஷன் கோடு: பூட்டை எங்கே மாட்டுவது?

செயலியை உருவாக்கி நாற்பது வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருப்பீர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சர்வருக்குத் தொண்ணூறு போன்களிலிருந்து கோரிக்கைகள் வந்துகொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் செயலியை இன்ஸ்டால் செய்யும் ஏபிகே கோப்பை யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார். எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு அது காசு கொடுத்து வாங்க வேண்டியது என்பதே தெரிந்திருக்காது. ‘இனி ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி ஆக்டிவேஷன் கோடு, அது இல்லாத போனில் இன்ஸ்டாலே ஆகக் கூடாது’ என்று டெவலப்பர் முடிவெடுப்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

முடிவு சரி. ஆனால் அந்தக் கோடு எதைப் பூட்டுகிறது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஆண்ட்ராய்டில் ஏபிகே ஒருவர் கைக்குப் போய்விட்டால், அவர் இன்ஸ்டால் செய்வதை உங்கள் செயலியால் தடுக்க முடியாது. இன்ஸ்டால் ஆன பிறகு அது வேலை செய்வதைத்தான் தடுக்கலாம். ஐபோனில் நிலைமை வேறு. அங்கே இன்ஸ்டால் செய்யும் கதவே ஆப்பிளின் கையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வழிகளை ஒப்பிடும்போது பலரும் ‘எதை உடைப்பது கடினம்?’ என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறொன்று: காசு கொடுத்தவர் போனை மாற்றும் நாளில் என்ன நடக்கும்? செயலியைப் பிரித்து உடைக்கத் தெரிந்தவர் எப்போதாவது ஒருவர் வருவார். போனைத் தொலைத்தவரும் தண்ணீரில் போட்டவரும் புதுப் போன் வாங்கியவரும் வாரம் தவறாமல் வருவார்கள். பூட்டு யாரைத் தடுக்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு இவர்களைத் தடுத்தால், அந்தத் தலைவலி உங்களுக்குத்தான்.

போனுக்கு அடையாளம் எது?

ஐஎம்இஐ எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இலிருந்து சாதாரண செயலிகளால் ஐஎம்இஐயையோ வன்பொருள் வரிசை எண்ணையோ படிக்க முடியாது. வைஃபை வன்பொருளின் அடையாளமான மேக் முகவரி அதற்கும் முன்பே போய்விட்டது. ஐஓஎஸ் 7இலும் ஆண்ட்ராய்டு 6இலும் கேட்டால் எல்லாப் போனும் 02:00:00:00:00:00 என்று ஒரே பதிலைத்தான் சொல்லும். ஐபோனின் தனி அடையாள எண்ணான யூடிஐடியைப் படிக்கும் செயலிகளை 2013 மே மாதத்திலிருந்து ஆப்பிள் ஏற்பதில்லை.

மிச்சமிருப்பதில் பலரும் பிடித்துக்கொள்வது ஆண்ட்ராய்டு ஐடி. 64 பிட் எண். அனுமதி எதுவும் கேட்காமல் படிக்கலாம், செயலியை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் மாறாது. வசதியான பொருள்தான், ஆனால் அதற்குள் ஒரு குழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் அந்த எண் போனுக்கு மட்டும் உரியது அல்ல. போன், அதில் உள்ள பயனர், செயலி யாருடையது என்று காட்ட அதில் கையொப்பமிட்ட டிஜிட்டல் சாவி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் கணினியில் உருவாக்கிய சோதனைப் பதிப்பு ஓர் எண் காட்டும். அதே போனில் பிளே ஸ்டோர் வழியாக வந்த பதிப்பு வேறு எண் காட்டும். நேரடியாகக் கொடுத்த ஏபிகேயில் உங்கள் சாவி, ஸ்டோரில் கூகுள் வைத்திருக்கும் சாவி என்று இருந்தால் ஒரே வாடிக்கையாளர் இரண்டு போன்காரராகத் தெரிவார். நானும் இதில் மாட்டியிருக்கிறேன். சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது, வெளியிட்ட அன்று ஒரு கோடுகூட ஏறவில்லை. அலுவலக வேலைக்கான தனி புரொஃபைலில் இன்ஸ்டால் செய்தாலும் எண் மாறும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் மாறும்.

ஐஓஎஸில் இதற்கு இணையாக நிற்பது, ஒரே நிறுவனத்தின் செயலிகளுக்குப் பொதுவாகத் தரப்படும் ‘வென்டர்’ அடையாளம். அந்த நிறுவனத்தின் கடைசிச் செயலியையும் நீக்கிவிட்டு மறுபடி போட்டால் அது புதிதாகிவிடும். அதனால் ஒரு சீரற்ற எண்ணைத் தாங்களே உருவாக்கி, ஐபோன் ரகசியங்களைச் சேமிக்கும் இடமான கீசெயினில் வைத்துக்கொள்கிறார்கள் பலர். செயலியை நீக்கினாலும் கீசெயினில் இருப்பது நடைமுறையில் அழிவதில்லை. ‘இந்தச் சாதனத்துக்கு மட்டும்’ என்ற வகையில் சேமிக்க மறந்தால் மட்டும், பேக்கப் வழியாக அது புதுப் போனுக்கும் போய்ச் சேரும்.

என் தேர்வு இவை எதுவும் இல்லை. முதல்முறை திறக்கும்போது செயலி தானே ஒரு சாவி ஜோடியை உருவாக்கட்டும்: கையொப்பமிட ஒரு தனிச் சாவி, அதைச் சரிபார்க்க ஒரு பொதுச் சாவி. ஆண்ட்ராய்டில் கீஸ்டோர், ஐபோனில் செக்யூர் என்கிளேவ் என்று இதற்கான பாதுகாப்புப் பெட்டி இரண்டிலுமே இருக்கிறது. தனிச் சாவி அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது, பொதுச் சாவி மட்டும் சர்வருக்குப் போகும். அடையாள எண்ணை நகலெடுத்து இன்னொரு போனில் ஒட்டலாம், இதை ஒட்ட முடியாது. ஆண்ட்ராய்டில் செயலியை நீக்கினால் சாவியும் அழிந்துவிடும். அதாவது மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டிவரும். ஆண்ட்ராய்டு ஐடியையும் கூடவே அனுப்பி வைத்தால், ‘இது பழைய போன்தான், மறுபடி போட்டிருக்கிறார்’ என்று சர்வர் புரிந்துகொள்ளும். ஐடியை அந்த அளவுக்குத்தான் நம்பலாம்: ஒரு குறிப்பாக.

இணையம் இல்லாத கோடு

எளிமையாகத் தெரியும் வழி இது. செயலி திரையில் ஓர் எண்ணைக் காட்டும். வாடிக்கையாளர் அதை உங்களுக்குச் சொல்வார். நீங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பதில் கோடு கொடுப்பீர்கள். அவர் தட்டச்சு செய்ததும் செயலி திறக்கும். சர்வர் வேண்டாம், மாதச் செலவு இல்லை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியைத் தொலைபேசி வழியாக ஆக்டிவேட் செய்தவர்கள் அனுபவித்தது இதைத்தான். 50 இலக்கங்களை வாசித்துக் காட்டி, பதிலுக்கு 42 இலக்கங்களை எழுதிக்கொள்ள வேண்டும்.

இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. சாதன எண்ணோடு ஒரு ரகசியச் சொல்லைச் சேர்த்து ஹேஷ் எடுத்து (திருப்பிப் பிரிக்க முடியாத எழுத்துத் தொடராக மாற்றி), முதல் பத்து எழுத்துகளைக் கோடாகக் கொடுப்பார்கள். சரிபார்க்க வேண்டுமானால் செயலியும் அதே கணக்கைப் போட்டாக வேண்டும், அப்படியானால் ரகசியச் சொல் செயலிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஜாட்எக்ஸ் மாதிரி ஒரு கருவியில் ஏபிகேயைத் திறப்பவர் அதை எடுத்துவிடுவார். அப்புறம் எல்லாப் போனுக்கும் அவரே கோடு போட்டுக் கொடுக்கலாம். பூட்டோடு சேர்த்துச் சாவி செய்யும் அச்சையும் கொடுத்த கதை.

சரியான முறை டிஜிட்டல் கையொப்பம். தனிச் சாவி உங்களிடம் மட்டும், செயலிக்குள் சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும். செயலியை எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் புதுக் கோடு செய்ய முடியாது. விலை என்னவென்றால் நீளம். ஈடி25519 என்ற முறையில் போடும் கையொப்பம் 64 பைட். எழுத்துக்கு 5 பிட் என்ற பேஸ்32 முறையில் எழுதினால் 103 எழுத்துகள். இதை யாரும் கையால் தட்டச்சு செய்ய மாட்டார்கள். க்யூஆர் கோடாக அனுப்பலாம், ஒரு சிறு கோப்பாக அனுப்பலாம், நகலெடுத்து ஒட்டும்படி குறுஞ்செய்தியாக அனுப்பலாம். ஆக, இணையம் இல்லாத முறையில் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்: கோடு சிறியதாக இருக்கும், அல்லது போலி செய்ய முடியாததாக இருக்கும்.

சரி, போன் மாற்றும் நாளுக்கு வருவோம். பழைய போனில் கொடுத்த கோட்டை உங்களால் திரும்பப் பெற முடியாது. அது சர்வரோடு பேசுவதே இல்லையே! ‘போன் உடைந்துவிட்டது, புதுக் கோடு வேண்டும்’ என்று ஒருவர் வருடத்தில் நான்கு முறை கேட்டால், நம்புவதா வேண்டாமா என்று முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கோட்டுக்குள்ளேயே காலாவதித் தேதி வைப்பது பாதித் தீர்வு. போனின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்ற எந்தத் திறமையும் வேண்டாம். செயலி தான் கண்ட மிகப் பிந்தைய நேரத்தைக் குறித்து வைத்து, கடிகாரம் அதற்கும் பின்னால் போனால் நின்றுவிடலாம். ஆனால் செயலியின் தரவை அழித்தால் அந்தக் குறிப்பும் போய்விடும்.

இருந்தாலும் இந்த முறைக்கு ஓர் இடம் உண்டு. நெட்வொர்க்கே எட்டாத சுரங்கத்திலோ கப்பலிலோ ஓடும் கருவிகளுக்கு, இருபது முப்பது சாதனங்களுக்கு, வாங்கியவரை நேரில் தெரிந்திருந்தால் இது போதும். ஐந்நூறைத் தாண்டினால் கோடு கொடுப்பதே ஒரு முழுநேர வேலையாகிவிடும்.

சர்வர் சொல்லும் பதில்

இங்கே கோடு வெறும் சீட்டு. அதற்குள் கணக்கு எதுவும் இல்லை, சீரற்ற எழுத்துகள் மட்டுமே. செயலி கோட்டையும் தன் பொதுச் சாவியையும் சர்வருக்கு அனுப்பும். கோடு பயன்படாமல் இருந்தால் சர்வர் அந்தச் சாவியோடு அதைக் கட்டிவிட்டு, கையொப்பமிட்ட ஓர் அனுமதிச் சீட்டைத் திருப்பி அனுப்பும். அடுத்த முறைகளில் சர்வர் ஒரு சீரற்ற எண்ணை அனுப்பி ‘உன் சாவியால் கையொப்பமிடு’ என்று கேட்டால் போதும். சீட்டை வேறு போனுக்கு நகலெடுத்தவர் இந்த இடத்தில் சிக்குவார்.

கோடு எவ்வளவு நீளம் வேண்டும்? ஆறு இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் கோடுகள்தான். ஆயிரம் கோடுகள் புழக்கத்தில் இருந்தால், குருட்டாம்போக்கில் அடிப்பவர் சராசரியாக ஆயிரம் முயற்சிகளில் ஒன்றைப் பிடித்துவிடுவார். ஒரு சின்ன நிரலுக்கு அது சில நிமிட வேலை. 32 எழுத்துத் தொகுப்பில் எட்டு எழுத்து என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி வாய்ப்புகள். அதே ஆயிரம் கோடுகளுக்கு, 110 கோடி முயற்சிக்கு ஒன்று. இதோடு மணிக்கு இத்தனை முயற்சி என்ற வரம்பும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளைத் தவிர்த்துவிடுங்கள். பூஜ்யமா ‘ஓ’வா என்று கேட்டு வரும் அழைப்புகள் பாதி குறையும்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: இணையம் இல்லாவிட்டால் என்ன செய்வது? தினமும் சர்வரைத் தொட முயலட்டும், தொட முடியாவிட்டால் பதினைந்து முப்பது நாள் வரை பழைய சீட்டிலேயே ஓடட்டும். உங்கள் சர்வர் ஒரு இரவு படுத்துவிட்டாலும் காசு கொடுத்தவர் யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். ‘ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இணையம் வேண்டும்’ என்று வைப்பது திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரரை வெளியே நிறுத்துவது.

போன் மாற்றும் நாளில் இந்த முறை ஜெயிக்கிறது. கோட்டுக்கு இரண்டு சாதனம் என்று வரம்பு வையுங்கள். மூன்றாவது போனில் போட்டால் ‘எந்தப் போனை நீக்க வேண்டும்?’ என்று செயலியே கேட்கட்டும். நீக்கப்பட்டது அடுத்த முறை சர்வரைத் தொடும்போது அணைந்துவிடும். இப்படி மாற்றுவதை மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அனுமதிக்காமல் விட்டாலே, கோட்டைக் குழுவில் பகிர்ந்தவருக்கு அது பயன்படாமல் போகும். நேர்மையானவர் உங்களை அழைக்கவே மாட்டார்.

இதை எழுதும்போது அடிக்கடி விட்டுப்போகும் விஷயம், ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப். ஆண்ட்ராய்டு 6 முதல் செயலியின் அமைப்புகள் பயனரின் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டு, புதுப் போனில் தானாகத் திரும்ப வரும். ‘ஆக்டிவேட் ஆகிவிட்டது’ என்ற ஒற்றைக் குறிப்பை அங்கே வைத்திருந்தால் புதுப் போன் கோடு கேட்காமலே திறந்துகொள்ளும். அந்தக் கோப்பை பேக்கப்பிலிருந்து விலக்க வேண்டும்.

கோடே வேண்டாமா?

சில செயலிகளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மின்னஞ்சலிலோ போன் எண்ணிலோ உள்நுழைவு ஏற்கனவே இருந்தால், கோடு என்பது இரண்டாவது பூட்டு மட்டுமே. கணக்குக்கு இரண்டு சாதனம் என்று வரம்பு வைத்தால் அதே வேலை நடந்துவிடும். போன் மாற்றும்போதும் வாடிக்கையாளருக்குத் தன் கடவுச்சொல் தெரியும், எட்டு மாதத்துக்கு முன் வந்த கோடு எங்கே என்று தெரியாது. கணக்குக்குள் அவருடைய சொந்தத் தரவு இருந்தால் பகிரவும் தயங்குவார். கோட்டுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவே வேண்டாத செயலிகளுக்கு, அல்லது கடை வழியாக அட்டையில் அச்சிட்டு விற்கும்போது, கோடு பொருந்தும்.

ஆப்பிள் சொல்லும் விதி

ஐபோனுக்கும் செயலி உண்டு என்றால், மேலே சொன்னதில் எதையும் எழுதத் தொடங்கும் முன் ஆப் ஸ்டோர் விதிகளில் 3.1.1ஐப் படித்துவிடுங்கள். செயலிக்குள் வசதிகளைத் திறக்க லைசென்ஸ் சாவி, க்யூஆர் கோடு போன்ற சொந்த வழிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. நிறுவனங்களுக்கு நேரடியாக விற்று அவர்களுடைய ஊழியர்கள் பயன்படுத்தும் சேவைகளுக்கு விலக்கு உண்டு. தனிநபருக்குக் கோடு விற்கும் திட்டம் அங்கே நிற்காது. எல்லாம் எழுதி முடித்த பிறகு நிராகரிப்புக் கடிதத்தில் இதைப் படிப்பவர்கள் உண்டு. பிளே ஸ்டோரிலும் டிஜிட்டல் வசதிகளை விற்பதற்கெனப் பணம் செலுத்தும் விதிகள் இருக்கின்றன. விலக்குகள் நாட்டுக்கு நாடு மாறும்.

மாறாக, இன்ஸ்டாலையே கட்டுப்படுத்தும் வழிகளை ஆப்பிளே தருகிறது. அட்ஹாக் முறையில் ஒவ்வொரு சாதனத்தின் யூடிஐடியையும் நீங்களே பதிவு செய்வீர்கள். பட்டியலில் இல்லாத போனில் செயலி இன்ஸ்டாலே ஆகாது. நாம் முதலில் கேட்டது இதைத்தானே! ஆனால் ஒரு வகைச் சாதனத்துக்கு வருடத்துக்கு 100 தான். ஒன்றை நீக்கினாலும் அந்த இடம் வருடம் புதுப்பிக்கும் வரை திரும்பக் கிடைக்காது. போன் மாற்றும் நாளில் இது படுமோசம். ஆப்பிளின் சோதனை விநியோகச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட்டில் 10,000 வெளிச் சோதனையாளர்கள் வரை சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும். அது விற்பனைக்கான வழி அல்ல. நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் திட்டம் சொந்த ஊழியர்களுக்கு மட்டும். அதை வெளியாட்களுக்குப் பயன்படுத்தியதற்காக 2019 ஜனவரியில் ஃபேஸ்புக், கூகுள் இரண்டின் சான்றிதழ்களையும் ஆப்பிள் ரத்து செய்தது, அவர்களுடைய உள் செயலிகள் நின்றுபோயின. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் முயலவே வேண்டாம்.

வாங்குபவர் ஒரு நிறுவனம் என்றால் வழி நேராக இருக்கிறது. ஆப்பிளின் கஸ்டம் ஆப், கூகுளின் மேனேஜ்டு பிளேயில் தனிச் செயலி. இரண்டிலும் நீங்கள் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு மட்டுமே செயலி தெரியும், யார் போனில் போடுவது என்பதை அவர்களுடைய சாதன நிர்வாக மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஐந்நூறு விற்பனைப் பிரதிநிதிகளுக்கு நீங்கள் ஏன் கோடு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்?

உடைப்பவர்

கடைசியாக அவரிடம் வருகிறேன். செயலிக்குள் நடக்கும் எந்தச் சரிபார்ப்பும் முடிவில் ஒரு ‘ஆம் அல்லது இல்லை’ கிளைதான். ஏபிகேடூல் என்ற கருவியால் பிரித்து, அந்த ஒரு வரியை மாற்றி, வேறு சாவியால் கையொப்பமிட்டால் எல்லாப் பூட்டும் திறந்த மாதிரிதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரிடா என்ற கருவியால் பதிலை மாற்றுவதும் உண்டு. குறியீட்டைக் குழப்பும் கருவிகள் அவருக்குச் சில மணிநேரத்தைக் கூட்டும், அவ்வளவுதான். அதற்காக வாரக்கணக்கில் உழைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

உழைப்பை இரண்டு இடத்தில் செலவிடலாம். ஒன்று, செயலியின் மதிப்பு எதுவோ அதைச் சர்வரிலிருந்து கொடுப்பது. விலைப்பட்டியலோ பாடங்களோ அறிக்கையோ, செல்லுபடியாகும் சீட்டு இருந்தால்தான் வர வேண்டும். ‘இல்லை’யை ‘ஆம்’ என்று மாற்றியவருக்கு வெறும் கூடுதான் கிடைக்கும். இரண்டு, பிளே இன்டெக்ரிட்டி, ஆப் அட்டெஸ்ட் ஆகிய சேவைகள். கேட்பது மாற்றப்படாத உங்கள் செயலிதானா என்று கூகுளும் ஆப்பிளும் உங்கள் சர்வருக்குச் சாட்சி சொல்லும். பிளே இன்டெக்ரிட்டி, பயனர் செயலியைப் பிளே ஸ்டோரில் முறைப்படி பெற்றவரா என்பதையும் சொல்கிறது. நாளொன்றுக்கு 10,000 கேள்விகள் வரை இயல்பாகக் கிடைக்கும், அதற்கு மேல் விண்ணப்பிக்க வேண்டும். கூகுள் சேவைகள் இல்லாத போன்களில் இது ஓடாது. அதனால் எதிர்மறைப் பதில் வந்தால் உடனே கதவைச் சாத்தாமல், சாதன எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். தன் போனை ரூட் செய்து (அதன் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்து) வைத்திருக்கும் நேர்மையான வாடிக்கையாளரும் இருக்கிறார்.

ஆக, என்னிடம் கேட்டால்: நிறுவனத்துக்கு விற்பவர் கோட்டை மறந்துவிட்டு ஸ்டோரின் தனி விநியோகத்துக்குப் போகலாம். உள்நுழைவு இருப்பவர் அதிலேயே சாதன வரம்பு வைக்கலாம். ஆண்ட்ராய்டில் கோடுதான் வேண்டும் என்றால், சர்வரில் மாற்றக்கூடிய எட்டு எழுத்துக் கோடும் கீஸ்டோர் சாவியும். இணையமே இல்லாத இடத்துக்கு மட்டும் கையொப்பமிட்ட க்யூஆர். ஹேஷும் ரகசியச் சொல்லும் சேர்ந்த பத்து எழுத்துக் கோட்டை எங்கேயும் வைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் முதல் கோட்டை விற்பதற்கு முன் இரண்டு கோடுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒன்று, ஸ்டோரில் பரிசோதிப்பவருக்கு. உள்ளே நுழைய முடியாத செயலியை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். அது காலாவதியாகாததாகவும் சாதன வரம்பு இல்லாததாகவும் இருக்கட்டும், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அவர் வேறு போனில் திறப்பார். இன்னொன்று, நள்ளிரவில் சர்வர் குழம்பி வாடிக்கையாளர் அழைக்கும்போது உங்கள் கூட்டாளி எடுத்துக் கொடுப்பதற்கு.